தலை வால் பாடம்

இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் துண்டுகளைப் பற்றிப் பாடம் எடுக்க எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரே ஒரு வீட்டில்தான் அந்தப் பாடம் முடிந்தது. மற்ற வீடுகளில் புத்தகம் அந்தப் பக்கத்தைத் தொடுவதற்குள் பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிடும். சிலேட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள், ஒரு தட்டில் இனிப்பு வைத்து நீட்டுவார்கள், நான் ஜட்காவில் ஏறுவேன். அடுத்த வீட்டில் மறுபடியும் ஏ, பி, சி. வருஷக்கணக்கில் இதே கதை என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். குடியிருந்தது ராணிப்பேட்டையில். காலையில் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்கு மேல் பாலாற்றைத் தாண்டி மேல்விஷாரத்துக் கோஷா வீடுகள். வெளியே வராத பெண்களுக்கு அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் எழுத்தும் தையலும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லித்தர வேண்டும். வெயில், ஆற்று மணல், தோல் டேனரிகளின் சுண்ணாம்புக் குழியிலிருந்து கிளம்பி புடவைக்குள் ஏறிக்கொள்ளும் நாற்றம். வீட்டில் நான்கு பிள்ளைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் நான்குக்கும் பிடிக்கும். வீட்டுக்காரருக்குக் காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் வந்து, இந்தப் பிள்ளைகள் எப்போது இவ்வளவு வளர்ந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போவார். நான் ஆச்சரியப்படக்கூட நேரமில்லாமல் இருந்தேன்.

எங்களை மேற்பார்த்த வெள்ளைக்கார அம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். போகிற வீட்டில் வீட்டு விஷயம் எதையும் கேட்கக்கூடாது. அவர்களாகச் சொன்னாலும் பாதிதான் காதில் வாங்க வேண்டும். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. என் வீட்டு விஷயமே எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரே வீடு ஒரு தோல் வியாபாரியின் வீடு. இரண்டு டேனரிகளுக்குச் சொந்தக்காரர். பட்டணத்தில் பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் துறைமுகத்துக்குமாக அலைவார், லண்டன் கம்பெனிகளோடு இங்கிலீஷில் கடிதப் போக்குவரத்து. ஊரே முதலாளி என்று சொன்னதால் நானும் அப்படியே சொன்னேன். படிக்க உட்கார்ந்தது அவருடைய மனைவி. என் வயதுதான் இருக்கும். நான் பீபிம்மா என்று கூப்பிடுவேன், அவர் டீச்சரம்மா என்பார். பட்டணத்தில் பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் இங்கிலீஷ் படிக்கிறார்கள், நம் வீட்டிலும் படிக்கட்டும் என்று முதலாளியே பெருமையாக அனுமதி கொடுத்திருந்தார்.

பீபிக்கு இங்கிலீஷ் எதற்கு என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களைக் காக்கவைப்பதில் எனக்குச் சந்தோஷமில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. முதலாளி அவரை வேலூரில் வெள்ளைக்கார டாக்டரம்மாக்கள் நடத்தும் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். உள்ளே டாக்டரம்மா சோதித்துப் பார்ப்பாள். பிறகு வராந்தாவுக்கு வந்து முதலாளியிடம் இங்கிலீஷில் பேசுவாள். பீபி திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனையையும் கேட்பார், ஒன்றும் விளங்காது. வரும் வழியில் முதலாளி, “நல்லதா ஒண்ணும் சொல்லல” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதை வைத்து மாமியார் பேரணாம்பட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். மகன் சரியென்றால் அடுத்த பெருநாளுக்குப் பிறகு இரண்டாம் கல்யாணம். குறை தன் உடம்பில்தான் என்றால் பீபி அந்தப் பெண்ணைத் தன் கையாலேயே வாசலில் வரவேற்கத் தயாராக இருந்தார். ஆனால் அதை டாக்டரம்மாவின் வாயிலிருந்து தன் காதால் கேட்க வேண்டும். அதற்குத்தான் இங்கிலீஷ்.

இது கோஷா வீட்டுக்கென்று உள்ள வழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்காருகிற வீடுகளிலும், பிள்ளை இல்லையென்றால் விரல் பெண்ணைப் பார்த்துத்தான் நீளும்.

பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வாயில் நுழையாத ஒரு தலைப்பு. நான் முன்னால் ஒட்டுவதைத் தலை என்றும் பின்னால் ஒட்டுவதை வால் என்றும் சொல்லிவிட்டேன். முதல் உதாரணத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை, ஜன்னல் வழியாகவே நாறியது. டேன் என்றால் தோலைப் பதப்படுத்து. வால் ஒட்டினால் டேனர், பதப்படுத்துகிற ஆள். இன்னொரு வால் ஒட்டினால் டேனரி, அந்த வேலை நடக்கிற இடம். பீபி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அப்படியானால் தங்கள் வீடு முழுக்க அந்த வால்களின் தயவில்தான் சாப்பிடுகிறது என்றார். சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தலைப் பாடம் அவருக்கு என்னைவிடச் சுலபமாக வந்தது. தமிழில் நாம் எல்லாவற்றையும் பின்னால்தான் கோத்துக்கொண்டே போகிறோம். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான். முன்னால் ஒட்டினால் அர்த்தம் கவிழ்ந்துபோகும் என்பது நான் படிக்கும்போது எனக்கே பழக நாளானது. அவருடைய உருதுவில் அது சாதாரணம். பே என்று முன்னால் போட்டால் இல்லை என்று ஆகிவிடும், நா என்று போட்டாலும் அப்படித்தான் என்றார். வேலைக்கு கார் என்றால் வேலையற்றதற்கு பேகார். ஹாப்பி, அன்ஹாப்பி. உடனே பிடித்துக்கொண்டார்.

ஆனால் கேள்வி கேட்டுக் கழுத்தை அறுப்பார். ஹாப்பிக்கு அன் என்றால் ஆனெஸ்டுக்கு ஏன் டிஸ்? பாஸிபிளுக்கு ஏன் இம்? எல்லாவற்றுக்கும் ஒரே தலையை வைத்தால் என்ன குறைந்துபோகும்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே பதில். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து இந்தத் தலை வருமா, அந்த வால் வருமா என்று ஒட்டிப் பார்ப்பார். அன்பாஸிபிள் என்பார். இல்லை என்பேன். டிஸ்ஹாப்பி என்பார். இல்லவே இல்லை என்பேன். எனக்குக் கண் சொருகும்.

வால்களில் அவருக்கு இரண்டின்மேல் மட்டும் தனிக் கண் இருந்தது. ஒன்று ஏபிள், செய்ய முடியும் என்பதற்கு. இன்னொன்று லெஸ். அது இல்லாமையைச் சொல்கிற வால் என்று ஹோம்லெஸ், யூஸ்லெஸ், ஸ்லீப்லெஸ் எல்லாம் எழுதிக் காட்டினேன். கடைசி வார்த்தை எனக்கே பொருத்தமாக இருந்தது. அவர் குச்சியை வாங்கி, சிலேட்டில் சைல்டு என்று எழுதி அந்த வாலை ஒட்டினார். இப்படி ஒரு வார்த்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தலையாட்டிவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். நான் அடுத்த வாலுக்குப் போனேன்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஐந்தாவது உண்டாயிற்று. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, கால் இரண்டும் வீங்கிக்கிடந்தன. முதல் நான்கும் வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்தவை. இந்தத் தடவை மேற்பார்வை அம்மாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு என்று சொல்லிவிட்டாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பீபியின் எதிரில் போய் உட்கார எனக்குக் கூசியது. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவரோ நான் நுழைவதற்கு முன்பே பாயை எடுத்துவிட்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, நான் மேலே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னார். திரை, வராந்தா, பேரணாம்பட்டுப் பெண், எல்லாம். பாதிதான் காதில் வாங்க வேண்டும் என்ற சட்டம் அன்றைக்கு என்னிடமிருந்து கழன்று விழுந்தது.

“இன்னும் எவ்ளோ படிச்சா டாக்டரம்மா பேசறது புரியும், டீச்சரம்மா?”

நானும் குரலைத் தணித்தேன். பிறகு சொன்னேன்.

“பீபிம்மா, அவங்களுக்குத் தமிழ் தெரியும். சீமையிலிருந்து வர்ற எல்லா அம்மாவுக்கும் முதல்ல தமிழ்ப் பரீட்சை உண்டு. பாஸ் பண்ணாத்தான் வேலை.”

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. முதலாளி இங்கிலீஷில் ஆரம்பித்தால் டாக்டரம்மா இங்கிலீஷில் பதில் சொல்லியிருப்பாள். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது பீபி வாய் திறந்து அந்நியரிடம் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே சோதிக்கும்போதும் நர்ஸு கையைக் காட்டிய பக்கம் திரும்பிப் படுத்ததோடு சரி. தன்னிடம் யாரும் தமிழில் பேசவில்லை என்பதால் அந்த அம்மாளுக்குத் தமிழே தெரியாது என்று நினைத்துவிட்டார். அத்தனை தலையும் அத்தனை வாலும் அந்த நினைப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

நான் போகிற நாளில் அவரும் வருவதென்று முடிவாயிற்று. முதலாளி கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் பட்டணம் போயிருந்தார். மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்று பயந்தோம். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, ஒரே மகன், பேரப்பிள்ளை பார்க்காமல் போய்விடுவோமோ என்று அரித்துக்கொண்டிருந்தவர். என் வயிற்றைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். “கூடப் போய்ட்டு வா, டீச்சரம்மா ராசி ஒட்டட்டும்” என்று அவரே அனுப்பிவைத்தார்.

அதிகாலையிலேயே திரை கட்டிய ஜட்காவில் கிளம்பினோம். வேலூர் வரைக்கும் குலுக்கின குலுக்கலில் எனக்கு அங்கேயே பிள்ளை பிறந்துவிடும் போலிருந்தது. பீபி வழியெல்லாம் உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்ன என்று கேட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்பதற்காகத் தானே கோத்து வைத்திருந்த ஒரு இங்கிலீஷ் வாக்கியமாம். தமிழிலேயே கேட்கலாமே என்றேன். இவ்வளவு நாள் படித்ததை ஒரு தடவையாவது பேசிவிடுகிறேன் என்றார்.

முதலில் என்னைச் சோதித்தாள் டாக்டரம்மா. காலை அமுக்கிப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னாள், ஓய்வெடுக்கச் சொன்னாள். ஓய்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிறகு பீபியைச் சோதித்தாள். பழைய சீட்டுகளையும் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தாள். பீபி எழுந்து உட்கார்ந்து, முகத்தை மூடாமல், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

“டாக்டர், ஈஸ் இட் கியூரபிள்?”

டாக்டரம்மா கையிலிருந்த சீட்டை மேஜையில் வைத்தாள். வேதப் புத்தகத்தில் வருகிற மாதிரியான அவளுடைய தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

“எதைக் குணமாக்க வேண்டும், அம்மா? உமக்கு ஒரு குறையும் காணவில்லை. போன வருஷமே உம்முடைய புருஷனிடம் சொன்னேனே. இனி அவரைத்தான் சோதிக்க வேண்டும், ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் உமக்குச் சொல்லவில்லையா?”

பீபி இல்லை என்று தலையாட்டினார். அழவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், ஒரு கால் மாறிப் போய்விட்டது, நான் குனிய முடியாமல் குனிந்து மாற்றிவிட்டேன்.

திரும்பும் வழியில் நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஜட்காக்காரன் காதில் விழப்போகிறதே என்ற நினைப்புக்கூட இல்லாமல், வீட்டுக்குப் போனதும் மாமியாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றேன். அவர் திரையின் இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷாரம் நெருங்கி, டேனரிகளின் ஆவாரம்பட்டை வாசனையும் தோல் நாற்றமும் சேர்ந்து வர ஆரம்பித்த பிறகு, பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அடுத்து நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளி பட்டணத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். மாமியார் பக்கத்தில். பீபி சோறு போட்டுக்கொண்டே, முகம் மாறாமல், புருஷனிடம் இங்கிலீஷில் சொன்னாராம்: டாக்டர் டோல்ட் மீ. ஐ வில் நாட் டெல். நோ செகண்ட் வைஃப். டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டாள், நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை, இரண்டாம் மனைவி வேண்டாம். அதில் ஒரு தலையும் இல்லை, ஒரு வாலும் இல்லை. நான் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளே போதுமாக இருந்தன.

முதலாளியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்ன சொல்கிறாள் என்று மாமியார் உருதுவில் மகனைக் கேட்டார்.

“சோத்துல உப்பு கம்மியாம்,” என்றார் முதலாளி.

மாமியார் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து, உப்பு சரியாகத்தானே இருக்கிறது என்றாராம். இதைச் சொல்லும்போது பீபி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெருநாள் வந்தது, போனது. லண்டனில் தோல் விலை விழுந்துவிட்டது, இப்போது கல்யாணச் செலவு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். விலையும் அந்த வருஷம் நிஜமாகவே விழுந்திருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த வருஷம் வேறொரு காரணம். பேரணாம்பட்டுப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிந்தது. முதலாளி ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று நான் கேட்டதில்லை. பீபியும் சொன்னதில்லை.

எனக்கு ஐந்தாவதாகப் பெண் பிறந்தது. பீபியின் மாமியார் பட்டுச் சட்டை தைத்து அனுப்பினார். அனுப்பிய கையோடு மருமகளை இன்னொரு தர்காவுக்கும் அழைத்துப் போனார். பீபியின் கையில் ஏற்கெனவே கட்டியிருந்த தாயத்துகளோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. எங்கே கூப்பிட்டாலும் போவார், எதைக் குடிக்கச் சொன்னாலும் குடிப்பார். எனக்கு ஆத்திரம் தாங்காமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன், உங்களுக்கு எதற்கு இந்தக் கசப்பு மருந்து, குடிக்க வேண்டியவர் அவரல்லவா என்று.

“எனக்கு வேணும்னது கிடைச்சுடுச்சு, டீச்சரம்மா. வெளியில தெரிஞ்சா அவரு மண்டியில தலை நிமிர்ந்து உக்கார முடியாது. எனக்கு எந்த மண்டி இருக்குது?”

பாடத்தை நிறுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம், மிச்சமிருக்கிற வால்களையும் முடித்துவிடலாம் என்றார். முடித்தோம். நெஸ், மென்ட், ஷிப், எல்லாம். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெம்பில்லை.

பல வருஷம் கழித்து அந்த மாமியார் மௌத்தானார். சாவுத் தகவல் வந்து மூன்றாம் நாள் போனேன். கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேரீச்சங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி நகர்த்தி ஓதிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்துத் திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். ஓதி முடிந்ததும் ஆம்பூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னாள். பாவம், பேரன் முகம் பார்க்காமலே கண்ணை மூடிட்டாங்க, வந்தவ வயிறு அப்படி. திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. முதலாளி அங்கேதான் இருந்தார்.

நான் வாய் திறந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பீபி என் மணிக்கட்டைப் பிடித்தார், வளையல் அழுந்தி வலித்தது. தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

“டீச்சரம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?”

குடித்தேன். பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். முழங்கால் வலியோடு ஜட்காவில் ஏறிக்கொண்டிருந்தபோது முதலாளி வாசலுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் என்னை வழியனுப்ப அவர் வந்ததே கிடையாது. தாடி நரைத்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் சொல்லியிருக்கணும், டீச்சரம்மா.”

“இப்போ போய் சொல்லுங்க,” என்றேன். “இன்னும் எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க.”

அவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். பிறகு ஜட்காவின் திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.